ஸ்கேன் ஆனால் மட்டும் போதுமா?
பார்கோடு லேபிள் சோதனை – வணிகர்களுக்கு ஒரு பாடம்



காஞ்சிபுரத்துக்கு மேற்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளின் சரக்குகள் லாரி லாரியாகப் போகும் சாலை இது. அந்த அட்டைப்பெட்டிகளின் பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக ஒரு பட்டை இருக்கிறது. அதே இனத்துப் பட்டைதான் நம் கடை ரேக்கில் இருக்கும் சோப்பிலும், பிஸ்கட்டிலும், டீத்தூளிலும் இருக்கிறது. பார்கோடு என்று நாம் எல்லோரும் அறிந்த பட்டைக் குறியீடு அது.

கல்லாவில் ஸ்கேனரைக் காட்டுகிறோம், 'பீப்' என்று சத்தம் வருகிறது, பில்லில் பெயரும் விலையும் ஏறிவிடுகின்றன. சத்தம் வந்தால் சரி என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பட்டை சரியான பொருளின்மேல்தான் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்? பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று தானியங்கி ஏற்பாடு உண்டு. அது எப்படி வேலை செய்கிறது, அதிலிருந்து சொந்தமாகப் பாக்கெட் போடும் சிறு வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய பாடம்.

மளிகைக் கடையில் பிறந்த கேள்வி

பார்கோடு விஞ்ஞானிகளின் பொழுதுபோக்காகத் தோன்றியதல்ல. ஒரு மளிகை வியாபாரியின் தொல்லையிலிருந்து தோன்றியது. 1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் உணவுப்பொருள் கடைத்தொடரின் தலைவர், பில் போடும் வேலையைத் தானாகச் செய்ய வழி உண்டா என்று அங்குள்ள டிரெக்சல் கல்வி நிறுவனத்தில் கேட்டார். அது பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவரும் நண்பர் ஜோசப் உட்லண்டும் சேர்ந்து உருவாக்கிய முறைக்கு 1952இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் கடைக்கு வந்துசேர இன்னும் 22 ஆண்டுகள் பிடித்தன. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லீஸ் சூயிங்கம் பாக்கெட் ஒன்று முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. 1977இல் ஐரோப்பாவில் 13 இலக்க எண் முறைக்கான சங்கம் அமைந்தது. நம் நாட்டில் இந்த எண்களை வழங்கும் அமைப்பு 1996இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஜி.எஸ்.1 இந்தியா.

இந்த அமைப்பு வழங்கும் எண்கள் 890 என்று தொடங்குகின்றன. 890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எண்ணை வாங்கிய நிறுவனம் இந்திய அமைப்பில் பதிவு செய்துள்ளது என்பதுதான் அதன் பொருள்.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரர்

13 இலக்கங்களில் கடைசியில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணக்கிடும் முறை எளிது. உதாரணத்துக்கு 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம்.

இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11ஆம் இடங்களில் உள்ளவை: 8 + 0 + 2 + 4 + 6 + 8 = 28.
2, 4, 6, 8, 10, 12ஆம் இடங்களில் உள்ளவை: 9 + 1 + 3 + 5 + 7 + 9 = 34. இதை 3ஆல் பெருக்கினால் 102.
இரண்டையும் கூட்டினால் 130.

இந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு சேர்க்க வேண்டுமோ அதுவே சரிபார்ப்பு இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு. ஆகவே இலக்கம் 0. முழு எண் 8901234567890.

இப்போது 3ஐயும் 4ஐயும் யாரோ இடம் மாற்றி அடித்துவிட்டார் என்று கொள்வோம். கூட்டுத்தொகை 132 ஆகும்; சரிபார்ப்பு இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும். இருப்பது 0. ஸ்கேனர் ஏற்க மறுத்துவிடும். ஒரே ஓர் இலக்கம் தவறினால் இந்தக் காவல்காரர் எப்போதும் பிடித்துவிடுவார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிப்பார். இரண்டுக்கும் இடையே 5 வித்தியாசம் இருந்தால் மட்டும், உதாரணமாக 2ம் 7ம் இடம் மாறினால், ஏமாந்துவிடுவார்.

ஆனால் இவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது இவருக்குத் தெரியாது. துவரம் பருப்புக்கான லேபிளைக் கடலைப் பருப்புப் பாக்கெட்டில் ஒட்டினால் எண் சரி, இலக்கம் சரி, 'பீப்' சத்தமும் சரி. தவறு முழுவதும் வாடிக்கையாளர் வீட்டு அடுப்படியில்தான் தெரியவரும்.

மூன்று கேள்விகள்

ஆகவே லேபிள் சோதனை என்பது ஒரு கேள்வியல்ல, மூன்று கேள்விகள்.

ஒன்று: பட்டை இருக்கிறதா? லேபிள் ஒட்டாமல், மடிந்து, கிழிந்து போயிருக்கலாம்.
இரண்டு: படிக்க முடிகிறதா? அச்சு மங்கியிருக்கலாம், மை பரவியிருக்கலாம்.
மூன்று: இந்தப் பொருளுக்கு உரிய பட்டைதானா? எல்லாம் தெளிவாக இருந்தும் வேறு பொருளின் லேபிளாக இருக்கலாம்.

முதல் இரண்டில் தவறினால் நமக்கு நேரம் வீணாகும், சரக்கு திரும்பி வரும். மூன்றாவதில் தவறினால் ஆபத்து. எள்ளு மிட்டாய் பாக்கெட்டில் எள்ளு மிட்டாய் லேபிள். உள்ளே இருப்பதோ வேர்க்கடலை மிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது மூச்சுத்திணறல் வரை போகக்கூடும். லேபிளைப் படித்து நம்பி வாங்கிய தாய் என்ன செய்வார்? சட்டமும் இதைச் சும்மா விடாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தவறான விவரம் தாங்கிய உணவுப் பொருளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் விதம்

நிமிஷத்துக்கு 60 பாக்கெட் போடும் ஓர் இயந்திரம் 8 மணி நேரத்தில் 28,800 பாக்கெட் போடும். ஓர் ஆள் நின்று நூற்றுக்கு ஒன்று எடுத்துப் பார்த்தால் 288 பாக்கெட்தான் பார்த்திருப்பார். லேபிள் ரோலின் நடுவில் வேறு பொருளின் லேபிள் 30 சேர்ந்து வந்துவிட்டால், அந்த 30ம் அரை நிமிஷத்தில் கடந்து போய்விடும். அவர் கையில் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். எல்லாப் பாக்கெட்டையும் பார்க்க வேண்டும் என்றால் இயந்திரத்தால்தான் முடியும்.

அதன் வேலை முறை இதுதான். ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் ஒளிக்கண் ஒன்று இருக்கும். பாக்கெட் அதைக் கடந்ததும் கேமராவுக்குச் சைகை போகும். பளிச்சென்று விளக்கு எரிந்து அணைவதற்குள் படம் பிடிபடும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தில் பட்டையைத் தேடி, எண்ணைப் படித்து, வேலை தொடங்கும்போது ஏற்றிவைத்த எண்ணோடு ஒப்பிடும். பொருந்தினால் பாக்கெட் போகலாம். பொருந்தாவிட்டால், அது சிறிது தூரம் நகர்ந்த பிறகு காற்றுக்குழாய் ஊதியோ தள்ளுகோல் தள்ளியோ அதைத் தனிப்பெட்டியில் விழச்செய்யும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விதிகள் நான்கு.

முதலாவது, படிக்க முடியாத பாக்கெட்டையும் இயந்திரம் தள்ளிவிடும். சந்தேகம் என்றால் ஏற்காதே என்பதே அங்குள்ள விதி.

இரண்டாவது, தள்ளியாகிவிட்டது என்று இயந்திரம் சும்மா இருப்பதில்லை. பாக்கெட் உண்மையிலேயே தனிப்பெட்டியில் விழுந்ததா என்று இன்னோர் ஒளிக்கண் பார்க்கும். விழவில்லை என்றால் பெல்ட் நிற்கும். தொடர்ந்து சில பாக்கெட்டுகள் தள்ளப்பட்டாலும் நிற்கும்படி வைப்பார்கள். ஏனெனில் அது தனிப் பாக்கெட்டின் குறையாக இருக்காது, ரோலே மாறியிருக்கலாம்.

மூன்றாவது, அந்தத் தனிப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. தள்ளப்பட்ட பாக்கெட்டை யாரும் பரிதாபப்பட்டு மீண்டும் பெல்ட்டில் வைத்துவிடக் கூடாது.

நான்காவது, சோதிக்கும் இயந்திரத்தையே சோதிக்கிறார்கள். வேண்டுமென்றே தவறான லேபிள் ஒட்டிய பாக்கெட் ஒன்றை வேலை தொடங்கும்போதும், இடையிலும், முடிவிலும் விட்டுப் பார்ப்பார்கள். இயந்திரம் அதைப் பிடித்தால்தான் அதுவரை போட்ட சரக்கு வெளியே போகும்.

படிப்பது வேறு, தரம் வேறு

தொழிற்சாலைக் கேமரா நல்ல வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் பார்க்கிறது. மங்கலான பட்டையையும் அது படித்துவிடக்கூடும். நம் கடை ஸ்கேனர் அப்படிப் படிக்காது. இதனால்தான் பட்டையின் அச்சுத் தரத்தை அளப்பதற்கு உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. தனி முறை வகுத்திருக்கிறது. அதன் எண் 15416. பட்டையின் குறுக்கே பத்து இடங்களில் அளந்து, சராசரி எடுத்து, ஏ, பி, சி, டி, எஃப் என்று மதிப்பிடுவார்கள். சில்லறைப் பொருளின் 13 இலக்கப் பட்டை குறைந்தது சி தரத்தில் இருக்க வேண்டும்.

தரம் குறைவதற்கு வழக்கமான காரணங்களை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

நிறம்: பெரும்பாலான ஸ்கேனர்களில் சிவப்பு ஒளி இருக்கிறது. அந்த ஒளிக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு அச்சடித்தால் நம் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்கேனருக்கு வெறுந்தாள். கறுப்பு, கருநீலம், கரும்பச்சைக் கோடுகள் பாதுகாப்பானவை.

ஓர இடைவெளி: பட்டையின் இரு பக்கமும் வெற்றிடம் விட்டிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதை ஸ்கேனர் அதைக் கொண்டே அறிகிறது. முழு அளவில் அச்சடித்த பட்டையும் வெற்றிடமும் சேர்ந்து 37.29 மி.மீ. அகலம், அதில் இடப்பக்க வெற்றிடம் 3.63 மி.மீ., வலப்பக்கம் 2.31 மி.மீ. இந்த அளவில் 80 சதவீதம் வரை சிறிதாக்கலாம், அதற்குக் கீழே கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது பழைய சரக்குக்குப் புதிய விலை ஸ்டிக்கர் ஒட்டும் வேலை வந்தது. அதுபோன்ற சமயங்களில் ஸ்டிக்கரின் ஓரம் இந்த வெற்றிடத்தில் ஏறினாலே பட்டை படிக்காமல் போகும்.

உறை: பருப்பு வெளியே தெரியும் கண்ணாடிக் கவரில், பட்டைக்கு அடியில் வெள்ளை பூசாமல் அச்சடித்தால், கோடுகளுக்கிடையே பருப்பின் நிறம் தெரியும். பளபளக்கும் உறையிலும், கவரின் மடிப்பிலும், ஒட்டுப்பகுதியிலும் பட்டை வரக்கூடாது. சிறிய உருண்டை டப்பாவில் கோடுகள் ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக வரவேண்டும். நிற்கும் கோடுகளாக இருந்தால் பாதி வளைந்து மறுபக்கம் போய்விடும்.

வெயில்: ரிப்பன் இல்லாமல் சூட்டினால் மட்டும் அச்சாகும் லேபிள், நம் பில் தாளைப்போலவே வெயிலிலும் சூட்டிலும் மங்கும். மாதக்கணக்கில் ரேக்கில் இருக்க வேண்டிய சரக்குக்கு அது உதவாது.

உத்திரமேரூர் சொல்லும் முறை

நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். அவர் அந்தப் பெயரை உரக்கப் படிப்பார். பிறகு அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படிப்பார்கள். அதன் பிறகே அந்தப் பெயர் ஏற்கப்படும்.

எடுப்பவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர், சரிபார்ப்பவர் வேறு ஆட்கள். லேபிள் ஒட்டியவரே லேபிளைச் சோதித்தால் அவர் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. தொழிற்சாலையில் கேமரா அந்த வேறு ஆளாக நிற்கிறது. கேமரா வாங்க வசதியில்லாத நாம் ஓர் ஆளை அந்த இடத்தில் நிறுத்தலாம்.

நாம் செய்ய வேண்டியவை

தானியங்கிச் சோதனை ஏற்பாட்டுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். கைஸ்கேனர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். சொந்தமாகப் பாக்கெட் போடும் சிறு வியாபாரி கீழ்க்கண்ட பழக்கங்களை வைத்துக்கொண்டால் பெரும்பகுதித் தவறுகளைத் தடுக்கலாம்.

1. அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கும்போது, தாளில் எடுத்த மாதிரியைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டாம். உண்மையான கவரில் அச்சடித்த மாதிரியைக் கேட்டு வாங்கி, சரக்கை நிரப்பி, இரண்டு மூன்று ஸ்கேனரில் காட்டிப் பாருங்கள்.

2. ஒரு பொருள் முடிந்து அடுத்த பொருள் தொடங்குமுன் முந்திய லேபிள் ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது.

3. ஒவ்வொரு ரோலின் முதல், நடு, கடைசிப் பாக்கெட்டையும், ரோலில் ஒட்டுப்போட்ட இடத்தை அடுத்து வரும் பாக்கெட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். ஒருவர் திரையில் வந்த பெயரை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பாக்கெட்டுக்குள் இருப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

4. லேபிளுக்கும் கணக்கு எழுதுங்கள். 1,000 லேபிள் கொடுத்தோம்; 960 பாக்கெட் ஆனது, 25 வீணானது, 12 மீதி. மொத்தம் 997. மற்ற மூன்று எங்கே? தரையில் கிடந்தால் நல்லது. வேறு பாக்கெட்டில் ஒட்டியிருந்தால் அதைத் தேடிய பிறகே சரக்கை அனுப்புங்கள்.

5. கடைக்குள் மட்டும் பயன்படும் எடைப் பாக்கெட்டுக்கு 2இல் தொடங்கும் உள் எண் போதும். வெளியே விற்பதற்கு முறைப்படி எண் வாங்குங்கள். வேறொருவர் எண்ணைக் கடன் வாங்கி அச்சடித்தால் நம் சரக்கு அவர் பெயரில் பில் ஆகும்.

சரக்கு வாங்கி விற்கும் கடைக்காரர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 13 இலக்கப் பட்டையில் விலை கிடையாது. விலை நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பழைய எம்.ஆர்.பி. பாக்கெட்டுக்கும் புதிய எம்.ஆர்.பி. பாக்கெட்டுக்கும் பட்டை ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே புதுச் சரக்கு வந்தவுடன், கையெழுத்துப் போடுமுன், ஒவ்வொரு வகையிலும் ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்து, பாக்கெட்டில் உள்ள விலை, கொள்முதல் பில், திரை மூன்றையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பட்டை படிக்காவிட்டால் கீழே உள்ள 13 இலக்கங்களைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அவசரத்தில் அதே விலையுள்ள வேறு பொருளை ஸ்கேன் செய்து பில் போடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அன்றைய கல்லாக் கணக்கு சரியாக வரும். இருப்புக் கணக்கு கெட்டுவிடும். ஒரு சரக்கு இருந்தும் இல்லை என்று காட்டும். இன்னொன்று இல்லாமலே இருக்கிறது என்று காட்டும். படிக்காத பாக்கெட்டைத் தனியே எடுத்து வைத்து, சப்ளை செய்தவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

கோடுகளுக்குப் பதிலாகக் கட்டங்களால் ஆன குறியீடும் பரவி வருகிறது. கியூ.ஆர். குறியீடு 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களுக்காக உருவானது. நம் நாட்டில் 300 மருந்து வகைகளின் உறையில் பார்கோடோ கியூ.ஆர். குறியீடோ இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தகைய குறியீட்டில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அடங்கும். குறியீட்டில் அடங்கும் விவரம் கூடக் கூட, தவறான லேபிளால் வரும் கேடும் கூடும். மூன்று கேள்விகள் அதற்கும் பொருந்தும்.

பயிற்சி

1. 890000000123 என்ற 12 இலக்கங்களுக்குச் சரிபார்ப்பு இலக்கம் என்ன?
2. 2,000 லேபிள் கொடுத்ததில் 1,910 பாக்கெட் ஆனது, 52 வீண், 30 மீதி. சரக்கை அனுப்பலாமா?
3. நீல உறையில் சிவப்புக் கோடுகளால் பட்டை அச்சடித்து வந்திருக்கிறது. ஏற்கலாமா?

விடைகள்: 1) முதல் கூட்டு 10, இரண்டாவது கூட்டு 13, மூன்றால் பெருக்க 39, மொத்தம் 49. எனவே விடை 1. 2) கணக்கில் வருபவை 1,992. எட்டு லேபிள் காணவில்லை. அவை எங்கே என்று தெரியும்வரை அனுப்பக் கூடாது. 3) கூடாது. சிவப்பு ஒளியில் நீலம் கறுப்பாகவும் சிவப்பு வெள்ளையாகவும் தெரியும். எது கோடு, எது இடைவெளி என்பதே தலைகீழாகிவிடும்.

தராசு முள் நேராக நிற்கிறதா என்று வாடிக்கையாளர் எட்டிப் பார்ப்பார். லேபிளை அவர் அப்படிச் சோதிக்க முடியாது. நம்மை நம்பித்தான் வாங்கிப் போகிறார். அடுத்த ரோலை மாட்டுமுன் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, திரையில் வரும் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம்.